முன்பாரம்

சிரியுங்கோடா, நல்லாச் சிரியுங்கோ. உங்களுக்கென்ன, கோப்பிக்கடையில ஹீட்டருக்குப் பக்கத்தில குந்திக்கொண்டு கதை கேக்கப் போறியள். உங்களில ஒருத்தன்கூட இறைச்சிக்கடைக்கு வெளியாலை ஒரு மிருகத்தின்ரை முகத்தை நேரை பாத்ததில்லை. சாருகன், நீ பக்கத்து வீட்டு நாய் குலைச்சாலே றோட்டை மாறிப் போறனி, நீதான் முதல் ஆளாக் கேப்பாய், மகாராசா நிது வேட்டைக்குப் போனவராம், குதிரையை எங்கை கட்டினவர் எண்டு. குதிரை இல்லையடா. ஒரு மேப்பிள் மரம். மரத்தில ஒரு ஏணி, ஏணிக்கு மேலை ரெண்டு பேர் இருக்கக்கூடிய இரும்புக் கதிரை, அதில நானும் அத்தானும் பெல்ட் போட்ட குழந்தைப்பிள்ளையள்மாதிரி ஒட்டிக்கொண்டு இருக்கிறம். என்ரை இடது பக்கம் விறைச்சுக் கனநேரமாச்சு. இதை உங்களுக்கு எப்பிடிச் சொல்லுறது எண்டு மண்டைக்குள்ள ஒத்திகை பாக்கிறன், ஏனெண்டா வாயைத் திறந்து பக்கத்தில இருக்கிற மனிசனோடை கதைக்க எனக்குப் பயம். அத்தான் அம்பை விட்டிட்டார். மானுக்குப் பட்டிட்டுது. மான் ஓடிட்டுது. இப்ப இறங்கக் கூடாது.

அதுதான் இதிலை உள்ள முறை. அம்பு பட்ட மானுக்குப் பின்னாலை உடனை இறங்கி ஓடினா அதுவும் எழும்பி ஓடும், எங்கையோ பத்தைக்குள்ள போய் ஒருத்தருக்கும் இல்லாமல் செத்துப்போகும். பேசாமல் விட்டா கொஞ்சத் தூரத்தில படுத்திடும். துவக்கெண்டா சத்தத்தோடை அலுவல் முடிஞ்சுது, அம்பு அப்பிடியில்லை, அது வெட்டிப்போட்டுப் போகும், மிச்சத்தை ரத்தம் பாத்துக்கொள்ளும், அதுக்கு நேரம் குடுக்கவேணும். குடுத்துக்கொண்டு இருக்கிறம். மரத்தில மிஞ்சின இலையள் காத்துக்குக் காய்ஞ்ச அப்பளம்மாதிரிச் சத்தம் போடுது. எங்கையோ ஒரு அணில் என்னை ஏசிக்கொண்டே இருக்கு. அத்தானிலை இருந்து தைலம் மணக்குது. வேட்டைக்குப் போறவன் மணக்கக் கூடாது எண்டு ஒரு கிழமையா வாசமில்லாத சோப்பிலை குளிச்ச மனிசன், உடுப்பையெல்லாம் தனியாத் தோச்சு வெளியாலை காயப்போட்ட மனிசன், விடியக் காலமை தோள்மூட்டு இறுகி வில்லை இழுக்கேலாமல் நிக்க, அக்கா வந்து ஒண்டும் கேளாமல் தைலத்தை அள்ளிப் பூசிவிட்டிட்டா. பிறகு அதுக்கு மேலை சமையலறைச் சுத்துத்தாளைச் சுத்தினவ. குளிர்பெட்டிக்குள்ள வைக்கிற மிச்சக் கறிமாதிரி. நான் வானுக்குள்ள அதைச் சொல்லிச் சிரிச்சனான், அவரும் சிரிச்சவர். அப்ப எல்லாம் சிரிக்கக்கூடியதா இருந்தது. காத்து மான் பக்கத்திலை இருந்து எங்கடை பக்கத்துக்கு அடிச்சிருக்காட்டி அது அந்த மணத்துக்கு அடுத்த மாகாணத்துக்கே ஓடியிருக்கும். காத்து மாறி அடிச்சிருக்கலாம். நான் ஒருக்கா இருமியிருக்கலாம். அதைப் பிறகு யோசிப்பம்.

பந்தயத்தைச் சொல்லவேணும், இல்லாட்டி உங்களுக்கு ஒண்டும் விளங்காது. நான் கொலிச்சை விட்டது உங்களுக்குத் தெரியும், ஆனா எப்பிடி விட்டனெண்டு தெரியாது, நீங்கள் நினைக்கிறியள் பெயிலாக்கிப்போட்டாங்கள் எண்டு, நானும் அப்பிடியே நினைக்கட்டும் எண்டு விட்டிட்டன், அதிலையாவது ஒரு கதை இருக்கு. ஒரு நாள் பஸ்ஸில போகேக்கை கொலிச் தரிப்பு வந்தது, நான் இறங்கேல்லை. அவ்வளவுதான். ஜன்னலோடை தலையைச் சாய்ச்சுக்கொண்டு கடைசித் தரிப்பு மட்டும் போனன், சாரதி இறங்கச் சொன்னான், இறங்கி அதே பஸ்ஸில திரும்பி வந்தன். அடுத்த நாளும். அதுக்குப் பிறகு பஸ்ஸுக்கே போகேல்லை. கவலை எண்டும் இல்லை, காதல் எண்டும் இல்லை, களைப்பு. நித்திரை கொண்டாலும் போகாத களைப்பு. அக்கா வீட்டு நிலக்கீழ் அறையில கிடந்தன், பிறகு அத்தான் ஒண்டும் கேளாமல் என்னைத் தன்ரை வானில ஏத்தினார், அவருக்கு வீடுவீடாப் போய்க் கராஜ் கதவு பொருத்துற தொழில், ஒரு பக்கத்தை அவர் தூக்க மற்றப் பக்கத்தை நான் தூக்குறன். கலியாண வீடுகளிலை ஆன்ரிமார் கேப்பினம், தம்பி இப்ப என்ன செய்யிறீர், நான் சொல்லுவன், கதவு திறக்கிறன் ஆன்ரி, உங்களுக்கும் ஒண்டு திறக்கவோ எண்டு. எல்லாரும் சிரிப்பினம். சிரிச்சு முடிச்சிட்டு அந்தப் பார்வை ஒண்டு பாப்பினம், பாவம் எண்டு. பகிடி விடுறதும் ஒரு வேலைதானடா, அதுக்கு லீவு இல்லை.

அத்தான் மட்டும் அந்தப் பார்வை பாக்கிறேல்லை. அவர் வேறை மாதிரி. ஏணியில நிண்டு ஸ்பிரிங்கை முறுக்கிக்கொண்டு சாதாரணமாக் கேப்பார், மாசியில வகுப்பு தொடங்குதாமே எண்டு. சாப்பிடேக்கை கேப்பார். சிவப்பு விளக்கில நிக்கேக்கை கேப்பார். ஏச்சுப் பேச்சு இல்லை, கோவம் இல்லை, கதவுக்கு எண்ணெய் விடுறமாதிரி ஒரு சொட்டு, ஒரு சொட்டு. பேசினா நான் பதிலுக்குப் பேசுவன், எனக்கு வாய் இருக்கு. எண்ணெய்க்கு என்ன செய்யிறது. அப்ப ஒருநாள், கோடை முடியிற நேரம், புட்டைக் குழைச்சுக்கொண்டு இருக்கேக்கை திரும்பக் கேட்டார், எனக்கு அலுத்துப்போச்சு, சொன்னன், "நீங்கள் இந்த வருசம் ஒரு மானை விழுத்துங்கோ அத்தான், நான் வாய் பேசாமல் கொலிச்சுக்குப் போறன். விழுத்தாட்டி அந்தக் கதையை இனி எடுக்கக் கூடாது." அக்கா சிரிச்சவ. எல்லாருக்கும் தெரியும், அத்தான் வில்லு வேண்டின நாளிலை இருந்து ஒண்டைத் தவிர ஒண்டிலையும் பட்டதில்லை, அந்த ஒண்டும் கிடைக்கேல்லை. நான் பகிடிக்குச் சொன்னது. அத்தான் சிரிக்கேல்லை. கையைக் கழுவிப்போட்டு வந்து என்ரை கையைப் பிடிச்சுக் குலுக்கினார், ஈரக் கையால. அதுக்குப் பிறகு மனிசன் கொலிச்சைப் பற்றி ஒரு சொல்லுச் சொல்லேல்லை. வேலை முடிஞ்சு வந்து, கதவுகள் அடுக்கி வைக்கிற அந்த நீட்டுக் கொட்டிலுக்குள்ள நிண்டு, ஒவ்வொரு பின்னேரமும் எய்வார். தோள் வீங்கிறமட்டும் எய்வார். அக்கா சுடுதண்ணிப் பையோடை நிப்பா. என்னை ஒரு மனிசர் இப்பிடி அமைதியாத் துரத்தினது வாழ்க்கையில இதுதான் முதல் தரம், எனக்கு ஓட இடமில்லாமல் போச்சு.

சரி, அம்பு. அம்பைப் பாக்கிறது என்ரை வேலை. அத்தான் எய்வார், நான் அம்புக் குழாயை அளந்து வெட்டி, பின்னுக்கு இறகு ஒட்டி, முன்னுக்குக் கூர் பூட்டி, ஒவ்வொண்டையும் விரலிலை வைச்சு எங்கை சமநிலையில நிக்குது எண்டு பாப்பன். அது எனக்கு வரும். கொலிச்சிலையும் எனக்கு வந்த ஒரேயொரு பாடம் அதுதான், ஒரு பொருளின்ரை பாரம் எல்லாம் எந்தப் புள்ளியில வந்து நிக்குது எண்டு கண்டுபிடிக்கிறது, அதிலை நான் கணக்குப் போடாமல் பேனையை விரலிலை வைச்சே சொல்லுவன். அம்பிலை அந்தப் புள்ளி நடுவிலை இருக்கக் கூடாது, கொஞ்சம் முன்னுக்குத் தள்ளி இருக்கவேணும், அப்பத்தான் கூர் இழுத்துக்கொண்டு போக வால் பின்னாலை வரும். முன்பாரம் கூடக்கூட அம்பு வாலை ஆட்டாமல் போகும், எலும்பிலை பட்டாலும் நிக்காது, துளைச்சுக்கொண்டு மற்றப் பக்கத்தாலை வரும். இதெல்லாம் நான் விடிய விடிய வீடியோ பாத்துப் படிச்சது, நித்திரை வராதவனுக்கு அம்பென்ன ஆட்டுக்கல்லென்ன. அத்தானுக்கும் சொன்னனான், முன்னுக்குப் பாரம் போதாது, கூட்டுவம் எண்டு. அவர் வேண்டாம் எண்டிட்டார். என்ரை கண் இந்த அம்புக்குப் பழகிட்டுது, மாத்தாதை எண்டார். நான் மாத்தினன். முந்தாநாள். கூர் அதே கூர்தான், வெளியாலை பாத்தாத் தெரியாது, குழாய்க்கு உள்ளுக்கை கூரைப் பிடிச்சிருக்கிற சின்னத் திருகாணியைச் சூடாக்கிக் கழட்டிப்போட்டுப் பாரமான பித்தளையைச் செருகினன். வேட்டை அம்பை அவர் பயிற்சிக்கு எடுக்கிறேல்லை, கூர் மழுங்கிடும் எண்டு பெட்டிக்குள்ள வைச்சிருப்பார், அதாலை அவருக்குத் தெரிய வழியில்லை. நல்லதுக்குத்தான் செய்தன். துளைக்கவேணும் எண்டுதான் செய்தன். இதை நான் உங்களுக்குச் சொல்லேக்கை இப்பிடித்தான் சொல்லப்போறன், துளைக்கவேணும் எண்டு.

அணில் நிப்பாட்டிட்டுது. அத்தான் வில்லை மடியில வைச்சுக்கொண்டு மான் போன பக்கத்தையே பாத்துக்கொண்டு இருக்கிறார். நாங்கள் ஆப்பிள் மரத்தைத்தான் பாத்துக்கொண்டு இருந்தம். எங்களை இங்கை வேட்டைக்கு விட்ட தோட்டக்காரக் கிழவன்ரை பழைய ஆப்பிள் மரம், கீழை விழுந்த பழம் தின்ன மானுகள் அங்கைதான் வரும், அத்தான் கொட்டிலுக்குள்ள பழகினதும் சரியா அந்தத் தூரத்துக்குத்தான், மரத்தில ஒரு செம்மஞ்சள் நாடாகூடக் கட்டிவைச்சிருந்தார். அந்தத் தூரம். பாரம் கூடின அம்பு மெதுவாப் போகும், மெதுவாப் போறது தூரம் போகப்போகக் கீழை பதியும், அந்த ஆப்பிள் மரத்தடியில எண்டா... பிறகு யோசிப்பம். மான் அங்கை வரேல்லை. பின்னாலை இருந்து வந்தது, சத்தமே இல்லாமல், எங்கடை ஏணிக்குக் கிட்டவா, அக்கா வீட்டு ஹோலுக்கும் குசினிக்கும் இடையிலை உள்ள தூரம்கூட இல்லை. இளம் மான், விரல் நீளக் கொம்பு, மூக்கு ஈரம். மூச்சு விடேக்கை புகை வந்தது, எனக்கும் வந்தது. அது ஒரு காதை மட்டும் திருப்பினது. அத்தான் எழும்பினார், இழுத்தார், தோள் ஒருக்கா நெரிஞ்ச சத்தம் எனக்குக் கேட்டது. அப்ப நான் இருமியிருக்கலாம். ஒரு சின்ன இருமல், மான் போயிருக்கும், அம்பு பெட்டியிலையே இருந்தமாதிரி எல்லாம் இருந்திருக்கும். இருமல் தொண்டை மட்டும் வந்தது. அத்தான்ரை முகத்தைப் பாத்தன், பாத்திருக்கக் கூடாது. விழுங்கிட்டன்.

வில்லு சத்தம் போடேல்லை. அதுதான் திரும்பத் திரும்ப வருது. வழக்கமா அது கதவு அடிச்சுச் சாத்தினமாதிரி ஒரு சத்தம் போடும், இண்டைக்குத் தலையணையிலை குத்தினமாதிரி, முட்டெண்டு. பாரமான அம்பு எண்டா வில்லு அமைதியாகும், அதுவும் நான் படிச்சதுதான். அத்தானுக்கு அது கேட்டிருக்குமோ? மான் பின்னங்காலாலை ஒரு உதை உதைச்சிட்டு, வாலைக் கீழை விட்டுக்கொண்டு சீடர் மரங்களுக்குள்ள போச்சுது. விழுந்த சத்தம் கேக்கேல்லை. ஒண்டுமே கேக்கேல்லை. அத்தான் திரும்பக் கதிரையில இருந்துபோட்டு, "பதிவாப் போட்டுது நிது. காலிலை பட்டிருக்கும்" எண்டார். கொஞ்சம் கழிச்சு, "போனமுறைமாதிரி ஒண்டு இனி எனக்கு ஏலாது" எண்டார். போனமுறை பட்ட மானைத் தேடி அவர் சனி ஞாயிறு முழுக்கச் சேத்துக்குள்ள திரிஞ்சவர், கிடைக்கேல்லை, பிறகு கன நாளா இறைச்சிக் கறி எண்டாத் தள்ளி வைச்சிடுவார், அக்கா கீரையும் பருப்பும் காய்ச்சினபடி. இன்னொருக்கா ஒண்டைக் காயப்படுத்தினா வில்லைக் குடுத்திடுவன் எண்டு வரேக்கை வானுக்குள்ள சொன்னவர். அவருக்கு எண்டு இருக்கிறது இந்த வில்லு ஒண்டுதான். மிச்சம் எல்லாம் கதவு, மற்றாக்களின்ரை கதவு.

இப்ப அது எங்கை இருக்கும். படுத்திருக்குமோ. முன்னங்கால் முறிஞ்சு மூண்டு காலிலை நிண்டுகொண்டு இருக்குமோ, அந்த ஒரு காதை எங்கடை பக்கம் திருப்பிக்கொண்டு. ஒரு மிருகம் களைச்சுப்போய்ப் படுக்கிறது எப்பிடி எண்டு எனக்குத் தெரியும், பஸ்ஸில தலையைச் சாய்ச்சவன் நான். அதுக்குப் பின்னாலை ஒருத்தரும் வரக்கூடாது. வந்தா எழும்பவேண்டி வரும். சொல்லவேணும். அத்தான், உங்கடை கை பிழைக்கேல்லை, கண் பிழைக்கேல்லை, அம்பு உங்கடை அம்பில்லை. சொல்லுறது லேசு, ஒரு மூச்சு. சொன்னா அவர் வில்லைக் குடுக்கமாட்டார். சொன்னா ஏன் எண்டு கேப்பார். துளைக்கவேணும் எண்டு செய்தனான் எண்டு சொல்லலாம், அது பொய்யில்லை, பாரமான அம்பு துளைக்கும்தானே. ஆனா அவர் கேட்டா, எய்து பாத்தனியோ எண்டு கேட்டா. பாத்தனான். முந்தாநாள் கொட்டிலுக்குள்ள தனிய நிண்டு ஆப்பிள் மரத் தூரத்துக்கு மூண்டை எய்து பாத்தன், மூண்டும் குறிக்கு ஒரு சாண் கீழை. ஒரு சாணைப் பாத்துக்கொண்டு கனநேரம் நிண்டன். அம்புகளைத் துடைச்சுப் பெட்டிக்குள்ள வைச்சிட்டு மேலை போய்ச் சாப்பிட்டன். நல்லாத்தான் சாப்பிட்டன்.

"காத்திருந்தது காணும், வா" எண்டார் அத்தான். பெல்ட்டைக் கழட்ட அவரின்ரை விரல் ஏலாமல் நிண்டுது, நான் கழட்டிவிட்டன். ஏணியில இறங்கினம். அம்பு அங்கையே கிடந்தது, மான் நிண்ட இடத்துக்கு அங்காலை, மண்ணுக்குள்ள சரிவாப் பாதி இறங்கி. அத்தான் அதை இழுத்து எடுத்தார். கூரிலை இருந்து இறகு மட்டும் ரத்தம். முழுசாத் துளைச்சுக்கொண்டு வந்திருக்கு. அவர் அம்பைக் கையில பிடிச்சபடி இலையிலை இருந்த துளியளைப் பாத்துக்கொண்டு நடந்தார், நான் பின்னாலை, மூச்சு விடாமல், ஒவ்வொரு பத்தைக்குள்ளையும் அந்தக் காதைத் தேடிக்கொண்டு. கனதூரம் போகேல்லை. விழுந்த சீடர் மரத்தோடை சாய்ஞ்சு கிடந்தது. நாங்கள் மேலை இருந்து பயந்த நேரம் முழுக்க அது இங்கை இப்பிடித்தான் கிடந்திருக்கு. அத்தான் ஒரு சுள்ளியாலை கண்ணைத் தொட்டுப் பாத்தார், கண் சிமிட்டேல்லை, உயிர் இல்லை. பிறகு முழங்காலிலை நிண்டு அதின்ரை கழுத்தில உள்ளங்கையை வைச்சார். அப்பிடியே இருந்தார். கிட்டத்தில இருந்து எய்ததாலை அம்பு கீழை பதியப் பெரிசாத் தூரம் கிடைக்கேல்லை, கொஞ்சம் கீழை, நெஞ்சுக்குள்ள, மற்றப் பக்கத்தில காலோடை சேந்த தடிச்ச எலும்பை உடைச்சுக்கொண்டு வெளியாலை வந்திருக்கு. என்ரை பித்தளை. தவறாமல் இருக்கிறதுக்கு உலகத்தில அதைவிட நல்ல அம்பு இல்லை.

அத்தான் உடைஞ்ச எலும்பை விரலாலை தொட்டுப் பாத்தார். அம்பை இலையாலை துடைச்சார். துடைச்சிட்டு, நான் செய்யிறமாதிரி, அதை விரலுக்குக் குறுக்காலை வைச்சார். கூர்ப் பக்கம் சரிஞ்சுது. விரலைக் கொஞ்சம் முன்னுக்கு எடுத்தார், திரும்பச் சரிஞ்சுது, இன்னும் முன்னுக்கு. நிண்டுது. அம்பைப் பாத்தார், பிறகு என்னைப் பாத்தார்.

"நீ மாத்தினனியோ?"

ஓம் எண்டன்.

மனிசன் சிரிச்சார். சத்தமில்லாமல், முகம் முழுக்க, கண் கலங்கி. "என்ரை பழைய அம்பெண்டா இந்த எலும்பிலை நிண்டிருக்குமடா. இது இப்பவும் காட்டுக்குள்ள நொண்டிக்கொண்டு திரிஞ்சிருக்கும். நான் மாத்தாதை எண்டு சொல்லியும் மாத்தியிருக்கிறாய் பார். உன்ரை அக்காட்டை நான் எப்பவும் சொல்லுறனான், அவனுக்கு மண்டை இருக்கு, களைச்சுப்போய் நிக்கிறான், அவ்வளவுதான் எண்டு."

பாருங்கோடா, எவ்வளவு வடிவா வந்து முடிஞ்சிருக்கு. மான் நோகாமல் செத்துப்போச்சு. வில்லைக் குடுக்கத் தேவையில்லை. பந்தயத்தில அவர் வெண்டிட்டார், நானும் வெண்டமாதிரி. அக்கா இறைச்சியை மிளகு போட்டுப் பிரட்டிக்கொண்டு எல்லா ஆன்ரிமாருக்கும் ஃபோன் அடிப்பா, தம்பிதான் அம்பு செய்தவன் எண்டு. மாசியில பஸ்ஸில ஏறுவன். நான் வாயை மட்டும் திறக்காட்டிச் சரி, அதோடை வாய்க்குள்ள ஒரு பகிடியும் தயாரா இருந்தது, நல்ல பகிடி, அத்தான் விழுந்து விழுந்து சிரிச்சிருப்பார். அவர் அம்பை என்னட்டை நீட்டிக்கொண்டு நிண்டார், தைலம் மணக்க. நான் வேண்டேல்லை.

"அத்தான், ஆப்பிள் மரத்தடியில வந்திருந்தா இது வயித்துக்குக் கீழாலை போயிருக்கும். நான் எய்து பாத்தனான். நீங்கள் தவறவிடவேணும் எண்டுதான் பாரத்தைப் போட்டனான்."